இறந்த பின் தெரியவரும் நோய்

(குமுளியில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் முன்னணி ஊழியர் கூட்டத்தில், நம் இதழின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இன்றைய நிகழ்ச்சி நிரலில் கூலி உயர்வு இருக்கிறது, லயங்களின் பழுது இருக்கிறது, ஜீப்புகளில் ஆள் ஏற்றும் அளவு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு சற்று விலகி நிற்பதுபோலத் தோன்றலாம். ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார். காவல்துறை வழக்குப் பதிவு செய்து உடலை உடற்கூறாய்வுக்கு அனுப்புகிறது. அறுத்துப் பார்த்த மருத்துவர், இவருக்கு முற்றிய புற்றுநோய் இருந்தது என்று எழுதுகிறார். இறந்தவருக்கு அது தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது, பத்தாண்டுகளாக அருகில் நின்று காய் எடுத்தவருக்கும் தெரியாது. இதில் தொழிற்சங்கம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மருத்துவன் அல்லன். தமிழ் படித்தவன், கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. மருத்துவத் தோழர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் பேசுகிறேன்.

'மூலதனம்' முதல் தொகுதியில் வேலை நாள் பற்றிய அத்தியாயத்தை வகுப்புகளில் நாம் படித்திருக்கிறோம். அதில் 1863 ஜூன் மாதம் லண்டனில் இறந்துபோன மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல் தொழிலாளியைப் பற்றி மார்க்ஸ் எழுதுகிறார். சீமாட்டிகளுக்கான நடன விருந்து ஆடைகளை முடித்துக் கொடுப்பதற்காக, காற்றில்லாத அறையில் மற்றப் பெண்களோடு நெருக்கியடித்து இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை நோயுற்றாள், ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். மரண விசாரணைக் குழுவின் முன் மருத்துவர், நீண்ட நேர வேலையும் நெரிசலான அறையும் காற்றோட்டமற்ற படுக்கையறையும்தான் அவளைக் கொன்றன என்று சாட்சியம் அளித்தார். குழுவோ மூளை ரத்த அடைப்பு நோயால் இறந்தாள் என்று முடிவெழுதியது. மிகை உழைப்பு மரணத்தை விரைவுபடுத்தியிருக்கக்கூடும் என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டது.

அந்த அத்தியாயத்தை வேலை நேரத்துக்கான பாடமாக மட்டுமே நாம் நடத்திவருகிறோம். மரணக் காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பதிலேயே வர்க்கப் போராட்டம் நடக்கிறது என்ற பாடமும் அதில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல்லைக் கொண்டுதான் இழப்பீடு தீர்மானிக்கப்படுகிறது, புள்ளிவிவரம் தீர்மானிக்கப்படுகிறது, எங்கே மருத்துவமனை கட்டுவது என்பதும் தீர்மானிக்கப்படுகிறது.

நம் மலையில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது 'நெஞ்சுவலி'. காலையில் நன்றாகத்தான் இருந்தார், கம்பம்மெட்டு ஏறும்போது நெஞ்சைப் பிடித்தார், போய்விட்டார். அத்துடன் முடிந்தது. மாரடைப்பாக இருக்கலாம், பல சமயம் அதுவேதான். ஆனால் அறுத்துப் பார்க்காமல் மாரடைப்பு என்று சொல்வது ஊகமே அன்றி நோயறிதல் அன்று.

சில காலத்துக்கு முன் நம் பகுதித் தோழர் ஒருவர் அப்படித்தான் இறந்தார். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் மலையேறி வந்து ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தவர். வயது ஐம்பதை எட்டவில்லை. ஒருநாள் நண்பகலில் தோட்டத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் பிரிந்தது. மருந்தடிக்கும் ஆள் வயிற்று வேதனையில் துடித்து இறந்தால் நம் ஊர்களில் முதலில் எழும் பேச்சு என்னவென்று உங்களுக்குத் தெரியும். மருந்தைக் குடித்துவிட்டான் என்றார்கள். முந்தின நாள் வீட்டில் நடந்த ஒரு சிறு சச்சரவை அதனோடு முடிச்சுப் போட்டார்கள். சாவு வீட்டில் அந்தத் தோழரின் துணைவியாரிடம் உறவினர் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு பக்கம் நம் தோழர்களிலேயே சிலர், முதலாளி கொடுத்த நஞ்சுதான் கொன்றது என்று சுவரொட்டிக்கு வாசகம் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

உடற்கூறாய்வு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. காவல்துறையின் பிரேத விசாரணைக் குறிப்பு மலையாளத்தில் இருந்தது. இரண்டையும் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். கல்லீரல் சுருங்கிக் கட்டிதட்டிப் போயிருந்தது. அதில் ஒரு பெரிய புற்றுக்கட்டி. அந்தக் கட்டி வெடித்து வயிற்றறை முழுவதும் ரத்தம் நிரம்பியிருந்தது. குடலுறுப்புகளை வேதிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நஞ்சு எதுவும் இல்லை என்ற முடிவு மாதங்கள் கழித்து வந்தது. துணைவியார் அந்தத் தமிழ்த் தாளை மடித்து வைத்துக்கொண்டு, தன்னைப் பேசிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் படித்துக் காட்டினார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பு வாழ்வில் எத்தனையோ தீர்மானங்களைத் தமிழாக்கியிருக்கிறேன். ஒரு தாள் இப்படி வீடு வீடாகப் போனதை வேறெப்போதும் அறிந்ததில்லை.

அதோடு முடியவில்லை. அறிக்கையைப் பார்த்த மருத்துவத் தோழர், இவ்வகை ஈரல் நோய்க்குக் குடி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஹெபடைடிஸ் பி கிருமியும் காரணமாகலாம், வீட்டில் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றார். மூத்த மகனுக்குக் கிருமி இருப்பது தெரியவந்தது. அவர் இப்போது மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறார். மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடெங்கும் சேர்க்கப்பட்டது 2011 வாக்கில்தான்; அதற்கு முன் பிறந்த உழைக்கும் தலைமுறைக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. இறந்தவரின் உடல் சொன்ன செய்தி உயிரோடிருப்பவருக்குப் பயன்பட்டது. போஸ்ட்மார்ட்டம் என்றதும் உடலை வெட்டிச் சிதைக்கிறார்கள் என்று கை கூப்பித் தடுக்கும் வீடுகளில், இந்த ஒன்றை நீங்கள் சொல்லலாம்.

புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில் உருக்கிக் கொல்லும் நோய் என்றே நாம் நினைக்கிறோம். திடீரென்று எப்படிக் கொல்லும் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. மருத்துவர்கள் சொல்வது இது: ஈரல் கட்டி வெடிக்கலாம். இரைப்பைக் கட்டியிலிருந்து ரத்தம் கொட்டலாம். நுரையீரல் கட்டி பெரிய ரத்தக் குழாயை அரித்து, இருமலில் தொடங்கி நிமிடங்களில் முடித்துவிடலாம். மூளைக் கட்டிக்குள் ரத்தம் கசியலாம். இதயத்தைச் சுற்றிய உறைக்குள் நீர் கோத்து இதயத்தை நெரிக்கலாம். ரத்தப் புற்று சில நாட்களிலேயே ஆளை வீழ்த்தலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் புற்று, ரத்தத்தை உறையும் தன்மைக்கு மாற்றிவிடுகிறது. காலில் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கிறது. பார்ப்பவருக்கு அது மாரடைப்பு போலவே இருக்கும். பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூசோ 1865-இல் இந்தத் தொடர்பைப் பற்றி விரிவுரை ஆற்றினார். ஈராண்டுகளில் அவருக்கே ரத்தக் குழாய் உறைந்தது. தன் நோய் இன்னதென்று அவரே அறிந்துகொண்டார். 1867-இல் இரைப்பைப் புற்றால் இறந்தார். நோயைக் கண்டுபிடித்தவருக்காவது அது தெரிந்தது.

கருவிகள் பெருகிய காலத்திலும் நாட்டிலும் இது குறைந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஏழைகள் நாடிவரும் பொது மருத்துவமனையில், 1986 முதல் 1995 வரை செய்யப்பட்ட 1,105 உடற்கூறாய்வுகளை ஆராய்ந்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 250 புற்றுக்கட்டிகள் காணப்பட்டன. அவற்றில் 111 கட்டிகள், அதாவது 44 சதவீதம், நோயாளி உயிரோடு இருந்தபோது கண்டறியப்படாதவை அல்லது தவறாகக் கண்டறியப்பட்டவை. அவை 100 பேரின் உடல்களில் இருந்தன. அந்த நூறு பேரில் 57 பேருக்கு அந்தப் புற்றே மரணத்தின் உடனடிக் காரணத்தோடு தொடர்புடையது. மருத்துவமனைக்குள் படுக்கையில் இருந்தவர்களின் நிலை இது. ஜீப்பில் இறந்தவர்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

நம் நாட்டுக்கு வருவோம். மருத்துவர் சான்றளித்த மரணக் காரணம் என்பது 2020-இல் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கே இருந்தது. மீதிக்குப் பெயரில்லை. இந்த இருட்டில் ஒரு விளக்கு ஏற்றியவர்கள் 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு' செய்தவர்கள். இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவு முறையைப் பயன்படுத்தி, மருத்துவர் அல்லாத களப்பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, கடைசி நாட்களில் என்னென்ன நேர்ந்தது என்று கேட்டு எழுதினார்கள். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறித்தார்கள். இதை வாய்மொழி உடற்கூறாய்வு என்று நான் மொழிபெயர்த்து வருகிறேன். கத்தியில்லாமல், கேள்விகளால் அறுப்பது.

புற்றுநோய் பற்றிய அதன் முடிவுகள் 2012-இல் 'லான்செட்' இதழில் வந்தன. 2010-ஆம் ஆண்டில் இந்தியாவில் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 5,56,400 பேர். அவர்களில் 71 சதவீதம் பேர் 30 முதல் 69 வயதுக்குள், அதாவது உழைக்கும் வயதில் இறந்தவர்கள். ஆண்களில் வாய்ப்புற்று முதலிடம், பெண்களில் கருப்பை வாய்ப்புற்று முதலிடம். நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. மிகக் குறைந்த கல்வி பெற்ற ஆண்களில் ஒரு லட்சத்துக்கு 106.6 பேர் இறந்தபோது, மிகுந்த கல்வி பெற்ற ஆண்களில் 45.7 பேர் இறந்தார்கள். பெண்களில் 106.7-க்கு எதிராக 43.4. கல்வி என்ற சொல்லுக்குப் பின்னால் வர்க்கம் நிற்கிறது என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோய் பணக்காரரையும் விடுவதில்லை என்று ஆறுதல் பேசுவோரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

இந்த ஆய்வுக்கும் ஒரு எல்லை உண்டு. வீட்டார் அறியாத நோயை வீட்டாரிடம் கேட்டுப் பெற முடியாது. மெலிவோ கட்டியோ ரத்தப்போக்கோ வெளியில் தெரியாமல் சட்டென்று இறந்தவர், இங்கும் நெஞ்சுவலிக் கட்டத்தில்தான் போய் விழுவார்.

மேலும் ஒன்று. பத்து மாதம் வயிறு வலித்த ஒருவருக்கு நோய் தெரியாமல் போனது எப்படி? அந்தத் தோழர் மருத்துவத்தையே நாடாதவர் அல்லர். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார், தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டார், அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு வேறொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த வேறொரு நாள் என்பது ஒரு நாள் கூலி. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் ஒரு நாள் போகாவிட்டால் ஜீப்பில் உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். நோய் முற்றுவதற்குத் தேவையான காலத்தை உயிரியல் மட்டும் கொடுப்பதில்லை. கூலி முறையும் சேர்ந்து கொடுக்கிறது.

எல்லை வேறு இருக்கிறது. வீடும் குடும்ப அட்டையும் தேனி மாவட்டத்தில், வேலை இடுக்கியில். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். ஆனால் செவிலியர் வீடு தேடி வரும் நேரத்தில் நம் ஆட்கள் மலை மேல் இருக்கிறார்கள். கேரளத்தின் குடும்ப நல மையங்களைப் பாராட்டாதவர் இல்லை; ஆனால் அவற்றின் பதிவேட்டில் இருப்பவர்கள் அந்தப் பஞ்சாயத்தில் குடியிருப்பவர்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இருட்டிய பின் இறங்குபவர் இரண்டு அரசுகளுக்கும் பகல் நேரத்தில் கண்ணில் படாதவர். இடுக்கிக்கென்று தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியே 2014-இல் திறந்து, இரண்டே ஆண்டில் அனுமதி இழந்து, 2022-இல்தான் மீண்டும் மாணவர் சேர்க்கை பெற்றது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, முதலமடைப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களின் கதையும் இதுவே. அவசரமென்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ ஓடுகிறார்கள். அங்கே எழுதிய சீட்டு இங்கே யாரிடமும் இல்லை.

மொழிக்கு வருகிறேன்; இது என் துறை, சற்று நேரம் எடுத்துக்கொள்வேன். கேரள அரசு 2025 பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளில், பெண்களுக்கான பரிசோதனை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முழக்கம் 'ஆரோக்யம் ஆனந்தம், அகற்றாம் அர்புதம்'. மலையாளத்தில் அர்புதம் என்றால் புற்றுநோய். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? அற்புதம் என்று கேட்கும். அற்புதத்தை ஏன் அகற்றச் சொல்கிறார்கள் என்று லயத்துப் பெண்கள் கேட்டால் நாம் சிரிக்கக் கூடாது. மருத்துவர் ஒருவர் 'அர்புதமாணு' என்று சொல்லி அனுப்ப, நல்ல செய்தி என்று எண்ணித் திரும்புகிறவர் இருக்க முடியும். நல்ல நோக்கமுள்ள இயக்கம் அது. தமிழ் பேசும் பஞ்சாயத்துகளில் தமிழில் நடத்துங்கள் என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னட சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடமளித்திருக்கிறது. நோயின் பெயரையும் மரணத்தின் காரணத்தையும் தாய்மொழியில் பெறுவது அந்த உரிமையின் இயல்பான நீட்சி. உடற்கூறாய்வு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் தன் கண்ணால் காணுதல் என்று பொருள். நம் மக்கள் பிறர் கண்ணால் கண்டதைப் பிறர் மொழியில் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

உடற்கூறாய்வை முறைப்படுத்திய ருடால்ஃப் விர்ஷோவை ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1848-இல் மேல் சைலேசியா பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு இளம் மருத்துவரான அவரை அனுப்பியது. அவர் மருந்துப் பட்டியலோடு திரும்பவில்லை. முழுமையான மக்களாட்சியும் கல்வியும் செழிப்பும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். திரும்பிய சில நாட்களில் பெர்லின் வீதித் தடுப்பரண்களில் நின்றார். அடுத்த ஆண்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இடது காறை எலும்புக்கு மேலே தோன்றும் கழலை, வயிற்றுக்குள் மறைந்திருக்கும் புற்றின் அறிகுறியாகலாம் என்று காட்டியவரும் அவரே. இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அத்தகைய கழலை யாருக்கேனும் தென்பட்டால் வைத்தியம் பார்க்க மஞ்சளைக் குழைக்காதீர்கள். மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

இப்போது பூச்சிமருந்து. தோழர்கள் பலரும் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் ஆகியவற்றை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்ற பிரிவில் வைத்தது. ஏலத்தோட்டங்களில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிப்பது நாம் கண்ணால் காண்பது. இவை இரண்டும் உண்மை. ஆனாலும் குறிப்பிட்ட ஒருவரின் ஈரல் கட்டியைக் காட்டி, இந்த மருந்துதான் செய்தது என்று சுவரொட்டி அடிக்க இவை போதா. முதலாளியின் வழக்கறிஞர் ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவார். அதன்பின் நாம் சொல்லும் உண்மையும் எடுபடாது. அந்தச் சுவரொட்டி வேண்டாம் என்று அன்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் வாளாவிருப்பதா? காசர்கோட்டைப் பாருங்கள். அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகமே முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தது. இடையில் எந்த முன்னணி ஆட்சியில் இருந்தது என்று பார்த்தால் நமக்கும் சங்கடம்தான். அங்கே முதலில் நடந்தது எண்ணுதல். ஊர் மருத்துவர் தன்னிடம் வந்த நோயாளிகளை எண்ணினார். லீலாகுமாரியம்மா என்ற வேளாண் அலுவலர் 1998-இல் நீதிமன்றம் சென்றார். ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. அதற்கும் முன்னால், 1775-இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் மருத்துவர் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். அந்தச் சிறுவர்களைக் காக்கும் வலுவான சட்டம் இங்கிலாந்தில் வந்தது 1875-இல். தொழில்சார் புற்றுநோயின் வரலாறே நூறாண்டுத் தாமதத்தில்தான் தொடங்குகிறது. நம் ஏலமலையில் எண்ணுதல் என்ற முதல் படிகூட நடக்கவில்லை. 2020 அறிக்கையின்போது மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் இந்திய மக்களில் சுமார் 10 சதவீதத்தினரையே உள்ளடக்கியிருந்தன. புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. அதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

முன்கூட்டியே கண்டறிவது பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். எல்லாப் புற்றையும் காட்டும் ஒரே பரிசோதனை உலகில் இல்லை. ஈரல், கணையப் புற்றுகளை ஊர் முகாமில் பிடிக்க முடியாது. ஆனால் நம் மக்களை அதிகம் கொல்லும் இரண்டை எளிய முறையில் பிடிக்கலாம் என்பதற்கான சான்று வெளிநாட்டிலிருந்து வரவில்லை, நம் இரு மாநிலங்களிலிருந்தே வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாகக் கொண்டு, செவிலியர்கள் வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய முறையைக் கையாண்டார்கள். அந்தப் புற்றால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியானது. பழனி மலையின் அடிவாரத்தில் நிறுவப்பட்ட உண்மை இது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் என்றேனும் ஒருமுறை கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் 1.9 சதவீதம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம்; 2025 நவம்பர் 21 அன்று அவற்றை நடைமுறைப்படுத்தியதையும் எதிர்க்கிறோம். ஆனால் 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு இலவச உடற்பரிசோதனை என்று ஒன்றிய அரசு அவற்றைப் பற்றிப் பெருமை பேசுகிறதல்லவா, அதைத் தோட்ட வாயிலில் நின்று கேளுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து அனுப்பும் சடங்காக அது இருக்கக் கூடாது. வாயும் மார்பும் கருப்பை வாயும் பார்க்கப்பட வேண்டும், அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. தோட்டம் என்று சட்டம் ஏற்க 5 ஹெக்டேர் வேண்டும் என்பதால் சிறு ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோர் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கான பொறுப்பைப் பஞ்சாயத்தும் சுகாதாரத் துறையும் ஏற்க வேண்டும். வீடு எந்த மாநிலத்தில் இருந்தாலும் வேலை செய்யும் இடத்தின் சுகாதார மையம் அவர்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜீப் நிற்கும் இடங்களிலேயே, மாலையில், முகாம் நடத்த வேண்டும்.

கிளைகள் செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்துகிறேன். திடீர் மரணம் நிகழ்ந்தால் காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில், பழைய 174-ஆம் பிரிவுதான், விசாரிக்கிறது. நம் தோழர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். உடலை வாங்கி வருவதோடு வேலை முடிவதில்லை. திசுப் பரிசோதனை முடிவும் வேதிப் பரிசோதனை முடிவும் பின்னால்தான் வரும். இறுதிக் கருத்து அவற்றுக்காகக் காத்திருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கேட்டுப் போவதே இல்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அறிக்கையை வாங்கி, மருத்துவர் ஒருவரிடம் காட்டி, தமிழில் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அது என் பொறுப்பு. மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு மரணக் காரணச் சான்றின் படியை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் உங்கள் லயத்தில், உங்கள் ஊரில், எழுபது வயதுக்குள் இறந்தவர்களை எழுதுங்கள். வயது, செய்த வேலை, எத்தனை ஆண்டு மருந்தடித்தார், கடைசி ஓராண்டில் உடல் மெலிந்ததா, சோறு இறங்கியதா, ரத்தம் போனதா, எங்கெல்லாம் காட்டினார், என்ன சொன்னார்கள், உடற்கூறாய்வு நடந்ததா, அறிக்கை கையில் இருக்கிறதா. வீட்டாரின் சொற்களிலேயே எழுதுங்கள். நோயின் பெயரை நீங்களாக எழுத வேண்டாம். வீட்டார் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். பெயர்களை வெளியே சொல்லக் கூடாது. நாற்பது பக்க நோட்டு போதும். அடுத்த ஊழியர் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். படித்துப் பார்க்க இரண்டு மருத்துவத் தோழர்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.